எத்தனை பாயிண்ட்?

(மூன்றாம் ஆண்டு இயந்திரவியல் மாணவர்)



படம் பார்த்துவிட்டு வந்தால் நம்ம பசங்க கதாநாயகியைப் பற்றித்தான் பேசுவார்கள் என்று பெரியவர்கள் நினைக்கிறார்கள். தல்லாகுளத்தில் நாங்கள் எடுத்திருக்கும் ரூமில் கதையே வேறு. ஹீரோ கையில் இருந்தது 9 எம்.எம்.மா, பாயிண்ட் 45-ஆ என்று இரவு ஒரு மணி வரைக்கும் சண்டை! பாயிண்ட் 45 பட்டால் ஆள் பத்தடி பின்னால் பறப்பான் என்பான் ஒருவன். போலீஸ், மிலிட்டரி எல்லாம் 9 எம்.எம். தானே வைத்திருக்கிறது என்பான் இன்னொருவன். எலெக்ட்ரிகல் நண்பன் மட்டும், "நம்ம ஊர்ல லைசென்ஸ் குடுக்கிறது பாயிண்ட் 32-க்குத்தான்டா, அதைப் பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொண்டான். யோசித்தால், உருப்படியாகப் பேசியவன் அவன் ஒருவன்தான்.

முதலில் அளவை எடுப்போம். காலிபர் என்றால் பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. துப்பாக்கிக் குழலின் உள்விட்டம், அவ்வளவுதான். தோட்டாவிலிருந்து கிளம்பும் குண்டின் விட்டமும் ஏறத்தாழ அதுவே. லேபில் வெர்னியர் காலிப்பர் வைத்து அளப்போமே, அதே சங்கதி. அங்குலத்தில் சொன்னால் பாயிண்ட் 32, பாயிண்ட் 45. மில்லிமீட்டரில் சொன்னால் 9. ஆனால் பெயரை நம்பக்கூடாது. பாயிண்ட் 38 ஸ்பெஷல் என்கிற குண்டை அளந்தால் 0.357 அங்குலம்தான் வரும். 9 எம்.எம். குண்டு 0.355. இரண்டுக்கும் வித்தியாசம் 0.05 மில்லிமீட்டர். வெர்னியரில் இரண்டு மூன்று கோடு! இதற்காகவா தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டோம்?

அடுத்து சக்தி. பாயிண்ட் 45 குண்டின் எடை சுமார் 15 கிராம், வேகம் வினாடிக்கு 255 மீட்டர். 9 எம்.எம். சுமார் ஏழரை கிராம், ஆனால் 360 மீட்டர் வேகம். முதல் வருஷ பிசிக்ஸில் படித்த அரை எம்.வி. ஸ்கொயர் போட்டுப் பாருங்கள். இரண்டும் 485 ஜூல் பக்கத்தில் வந்து நிற்கும். ஒன்று கனமாக மெதுவாகப் போகிறது, மற்றது லேசாக வேகமாகப் போகிறது. நம் நாட்டு பாயிண்ட் 32 ரிவால்வர் தோட்டா சுமார் ஆறரை கிராம், 215 மீட்டர். அது 150 ஜூல் வந்தாலே பெரிசு. பத்தடி பறக்கும் கதையையும் பார்த்துவிடுவோம். 60 கிலோ ஆள் மேல் பாயிண்ட் 45 பட்டு உள்ளேயே நின்றாலும் அவன் உடம்புக்குக் கிடைக்கும் வேகம் வினாடிக்கு ஆறரை சென்டிமீட்டர்தான். அவன் பத்தடி பறந்தால், நியூட்டன் மூன்றாம் விதிப்படி சுட்டவனும் பறக்கணுமே!

அப்படியானால் எது பலன் தரும்? இந்தக் கேள்விக்கு வெளிநாட்டுக்காரர்களே நூறு வருஷமாக மாற்றி மாற்றிப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். அமெரிக்க ராணுவம் பிலிப்பைன்ஸில் மோரோ மக்களோடு சண்டை போட்டபோது பாயிண்ட் 38 போதவில்லை என்று சொல்லி, 1904-ல் சிகாகோ மாட்டுக் கொட்டகையில் உயிர் மாடுகளைச் சுட்டுப் பரிசோதித்தது. 1911-ல் பாயிண்ட் 45-க்குப் போனது. 1985-ல் அதை விட்டுவிட்டு 9 எம்.எம். எடுத்தது. 1986-ல் மயாமியில் நடந்த ஒரு துப்பாக்கிச் சண்டையில் எப்.பி.ஐ. ஆட்கள் இருவர் செத்தார்கள். குற்றவாளி உடம்பில் பாய்ந்த 9 எம்.எம். குண்டு இதயத்துக்கு முன்னாடியே நின்றுவிட்டது என்று பழி குண்டின் மேல் விழுந்தது. 10 எம்.எம். வந்தது. உதை தாங்க முடியவில்லை என்று பாயிண்ட் 40 வந்தது. கடைசியில் 2014 வாக்கில் திரும்பவும் 9 எம்.எம்.முக்கே வந்து சேர்ந்தார்கள். உதை குறைவு, தோட்டா அதிகம் பிடிக்கும், விலை மலிவு, அதனால் ஆட்கள் ஒழுங்காகப் பழகுகிறார்கள் என்பதுதான் காரணம். அதாவது, பட்டால்தான் குண்டு. படவில்லை என்றால் பாயிண்ட் 45-ம் சுவருக்குத்தான்.

நம் ஊர்க் கதை ஒன்று போதும். 1967 ஜனவரி 12-ம் தேதி ராமாவரம் தோட்டத்தில் எம்.ஆர். ராதா, எம்.ஜி.ஆரைச் சுட்டார். தன்னையும் சுட்டுக்கொண்டார். ஒரே அறை, கை எட்டும் தூரம். இருவருமே பிழைத்தார்கள்! எம்.ஜி.ஆர். ஆஸ்பத்திரியில் படுத்தபடியே பரங்கிமலையில் ஜெயித்தார், போனது குரல். கைத்துப்பாக்கி என்பது சினிமாவில் காட்டுகிற மாதிரி சுவிட்சைத் தட்டியதும் அணைகிற விளக்கு இல்லை.

இனி எலெக்ட்ரிகல் நண்பன் சொன்ன பாயிண்ட் 32. அது நமக்கு வந்தது திறமையால் இல்லை, சட்டத்தால். ராணுவமும் போலீசும் போடுகிற தோட்டா எந்தத் துப்பாக்கிக்குள் போகுமோ அது தனியாருக்குத் தடை என்பதுதான் நம் நாட்டு விதியின் சாரம். கைத்துப்பாக்கியில் .380, .455, 9 எம்.எம்., .45 இவையெல்லாம் அந்தக் கணக்கில் போயிற்று. சர்க்கார் கிடங்கிலிருந்து களவு போன தோட்டா வெளியே யார் துப்பாக்கியிலும் பொருந்தக்கூடாது, அதுதான் எண்ணம். இது வெள்ளைக்காரன் காலத்துப் புத்தி. 1907-ல் .450 ரைபிள்களை இந்தியாவுக்குள் கொண்டுவரத் தடை போட்டார்கள். உடனே லண்டன் கம்பெனிகள் .465, .470 என்று புதுசு புதுசாகக் குழல் கடைந்து வேட்டைக்கார துரைமார்களுக்கு விற்றார்கள். லேத்தில் நிற்கிற நமக்கு இது ருசியான செய்தி. இங்கே ஒரு உத்தரவு, அங்கே புது விட்டம்!

ஆக, தடை போக மிச்சம் இருந்ததில் ஒன்று பாயிண்ட் 32. கான்பூர் சர்க்கார் தொழிற்சாலை ரிவால்வர் செய்து விற்கிறது. 2014-ல் பெண்களுக்கென்று 500 கிராமில் ‘நிர்பீக்’ என்று ஒன்று விட்டார்கள். அப்போது விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கும் மேலே. (திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் அப்ரெண்டிஸ் கிடைத்தால் நான் போவேன். அது வேறு விஷயம்.)

இந்த விலையை நான் சும்மா சொல்லவில்லை. எங்கள் வீட்டில் ஹால் டிக்கெட் என்ற ஒன்றைக் கண்ணால் பார்த்த முதல் ஆள் நான். என் மூன்று வருஷ பீஸ், புஸ்தகம், டிராப்டர், யூனிபாரம் எல்லாம் கூட்டினாலும் அதில் பாதி வராது. மேலூர்ப் பக்கம் இருக்கிற என் மாமா இப்போது கலெக்டர் ஆபீசுக்கு ரிவால்வர் லைசென்ஸுக்கு அலைகிறார். கிணற்றுத் தகராறு ஒன்று உண்டு, வாய்ச் சண்டைக்கு மேல் போனதில்லை. கறவை மாடு இரண்டை விற்றுப் பணம் எடுத்து வைத்தாச்சு. அவர் மகள் பத்தாவதில் 400-க்கு மேல் எடுத்தவள், டிப்ளமோ சேர ஆசைப்படுகிறாள். அதற்கு மட்டும், "காசுக்கு எங்கத்தா போறது?" என்கிறார்.

பொங்கலுக்குப் போனபோது கேட்டுவிட்டேன். "மாமா, வருஷத்துக்கு எத்தனை தோட்டா சுட்டுப் பழகுவீங்க?"

"சுடுறதுக்கா வாங்குறோம்? சும்மா இடுப்புல இருந்தாப் போதும் மாப்ளே. நாலு பேரு மதிப்பான்."

இங்கேதான் என் கட்சி. பழகாத கைக்கு எந்தக் காலிபரும் ஒன்றுதான். எத்தனை தோட்டா வாங்கலாம் என்பதற்கும் லைசென்ஸில் கணக்கு உண்டு. எலெக்‌ஷன் வந்தால் துப்பாக்கியைக் கொண்டுபோய் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்லலாம். கல்யாணத்தில் குஷிக்கு வானத்தைப் பார்த்துச் சுட்டால், 2019 திருத்தச் சட்டப்படி இரண்டு வருஷம் வரை ஜெயில், அல்லது லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டுமே. பெட்டியில் பூட்டி வைத்தால் ஆபத்துக்கு உதவாது. தலையணைக்கு அடியில் வைத்தால் வீட்டுப் பிள்ளைகளுக்கே ஆபத்து. இடுப்பில் மதிப்புக்கு என்றால், லட்ச ரூபாய்க்கு அதைவிட நல்ல மதிப்பு மாமா வீட்டிலேயே மார்க் ஷீட்டோடு உட்கார்ந்திருக்கிறது. இதை அவரிடம் நேராகச் சொன்னேன். சிரித்தார். அத்தை சிரிக்கவில்லை. அட்மிஷன் பாரத்தை வாங்கி அத்தை கையில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

அப்போ துப்பாக்கியே வேண்டாமா என்று ரூமில் கேட்டார்கள். வேண்டும்! சின்னதாக. என்.சி.சி. போன நண்பர்கள் பாயிண்ட் 22 ரைபிள் சுட்டிருப்பார்கள். நம்மில் நிஜத் தோட்டா சுட்டவர்கள் அவர்கள் மட்டும்தான். உதை இல்லை, விலை குறைவு, நூறு தடவை பழகலாம். 2012 லண்டன் ஒலிம்பிக்ஸில் விஜய் குமார் வெள்ளி வாங்கியது பாயிண்ட் 22 பிஸ்டலில். அதைவிடச் சின்னது 0.177, அதாவது 4.5 மில்லிமீட்டர் ஏர் பிஸ்டல். 2024 பாரிஸில் மனு பாக்கர் இரண்டு வெண்கலம் வாங்கியது அதில்தான். 20 ஜூலுக்கு உட்பட்ட அந்த ரக ஏர் கன்னுக்கு 2016 விதிகளின்படி லைசென்ஸ் தேவையில்லை. வாங்கும்போது அடையாளச் சான்று காட்டினால் போதும்.

அதில் இலக்குக்குத் தூரம் 10 மீட்டர். அட்டையின் நடுவில் பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டம் 11.5 மில்லிமீட்டர். பாயிண்ட் 45 குண்டின் பருமனும் அதேதான்! அந்த வட்டத்தில் நாலரை மில்லிமீட்டர் பெல்லட்டைப் பத்துக்குப் பத்து போடுகிறவனிடம் நான் காலிபர் பேச வரமாட்டேன்.

பேரவைச் செயலாளர் அவர்களின் கவனத்துக்கு: ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் உடைந்த பெஞ்சுகள் போட்டு வைத்திருக்கும் ஷெட்டை டேப் வைத்து அளந்துவிட்டேன். நீளம் 14 மீட்டர். பின்சுவர் கருங்கல். குண்டு தெறிக்காமல் இருக்க ஒரு தகரப் பெட்டி வேண்டும். அதை வெல்டிங் செக்‌ஷனிலேயே அடித்துக்கொள்ளலாம்.