இரவல் சபை

கடற்கரைப் பள்ளி ஒன்றில் வாத்தியாராக இருந்தபோது நடந்தது இது. சமூக அறிவியல் வகுப்பில் ஒரு பையன் எழுந்து, “சாரே, லட்சத்தீவுக்கு முதலமைச்சர் யாரு?” என்றான். தூத்தூர்ப் பக்கத்துப் பையன். அவன் அப்பா சுறா பிடிக்கப் போகிற கடல் அது.

“முதலமைச்சர் கிடையாதுடே. நிர்வாகி உண்டு. டெல்லியிலிருந்து அனுப்புவாங்க.”

“அவருக்கு எலக்‌ஷன் எப்போ?”

“அவருக்கு எலக்‌ஷன் இல்லை.”

பையன் உட்காரவில்லை. “அப்போ, அவரு சரியில்லேன்னா?”

அடுத்த பக்கத்தைப் புரட்டச் சொன்னேன். வாத்தியார்கள் தப்பிப்பதற்கென்றே பாடப்புத்தகத்தில் அடுத்த பக்கம் என்று ஒன்று இருக்கிறது.

ஆண்டுதோறும் நவம்பர் 1 வந்தால் அந்தக் கேள்வியும் கூடவே வந்துவிடும். எங்கள் பத்மநாபபுரத்தில் அது விசித்திரமான நாள். கோட்டைக்கு வெளியே நாங்கள் தாய்த்தமிழகத்தோடு இணைந்த நாள். கோட்டைக்கு உள்ளே, அரண்மனையைப் பராமரிக்கும் கேரளத் தொல்லியல் துறைக்காரர்களுக்குக் கேரளப் பிறவி, அவர்கள் மாநிலம் பிறந்த நாள். அரண்மனை நிற்கும் மண் தமிழ்நாடு, சாவிக்கொத்து மட்டும் திருவனந்தபுரத்தில். வெளியூர் விருந்தாளிகளுக்கு இதை விளக்கி முடிப்பதற்குள் வாங்கி வைத்த சாயா ஆறிப்போகும்.

அதே தேதியில் மூன்றாவதாகவும் ஒன்று நடந்தது. மாநிலங்கள் மறுசீரமைப்புச் சட்டத்தின்படி 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. நாங்கள் கல்குளம். அன்றைக்கே சென்னை மாநிலத்தின் கையிலிருந்து லட்சத்தீவு போனது. தீவுகளில் சில அதுவரை மலபார் மாவட்டத்தோடும், அமினி தொடங்கி வடக்கே உள்ளவை தென் கன்னடத்தோடும் இருந்தன. மலபார் கேரளத்துக்கும் தென் கன்னடத்தின் பெரும்பகுதி மைசூருக்கும் போயின. தீவுகள் எந்த மாநிலத்துக்கும் போகவில்லை. நேராக டெல்லியின் கீழ், யூனியன் பிரதேசம். நாங்கள் ஏறி வந்த அதே வாசல்படியில் அவர்கள் இறங்கிப் போனார்கள்.

நாங்கள் சும்மா வந்துவிடவில்லை. திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து வரக் கேட்டு, 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்தோம். ஆனால் ரத்தத்தைப் பற்றிப் பேசும் நாம் இன்னொன்றைச் சொல்ல மறந்துவிடுகிறோம். நேசமணி தலைமையிலான திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரசுக்கு அந்த ஆண்டுத் தேர்தலில் திருவிதாங்கூர்-கொச்சி சட்டமன்றத்தில் 12 இடங்கள் கிடைத்தன. எதிரியின் வீடுதான் என்றாலும், உள்ளே போய்ச் சத்தம்போட எங்களுக்கு ஒரு சபை இருந்தது.

தீவுக்காரர்களுக்கு அது வாய்க்கவில்லை. கண்ணூர் அறக்கல் அரச குடும்பம் ஆண்டபோதும் சரி, பிறகு வெள்ளைக்காரன் ஆண்டபோதும் சரி, கரையிலிருந்து ஏவப்பட்ட ஆட்சிதான். கணக்குப் பார்க்கவும் வழக்குத் தீர்க்கவும் தெற்கே அமீன்கள், அமினிப் பக்கம் மணியக்காரர். இப்போது அரசியலமைப்பின் 239-ஆவது பிரிவின்படி குடியரசுத் தலைவரின் சார்பில் ஒரு நிர்வாகி.

நாடாளுமன்ற உறுப்பினர்கூட முதல் பத்தாண்டுகள் நியமனம்தான். 1967-இல்தான் தீவு முதன்முதலாக ஓட்டுப் போட்டு ஆளை அனுப்பியது. ஆந்த்ரோத் தீவைச் சேர்ந்த பி. எம். சயீத், அப்போது இளைஞர். அதையும் சேர்த்துத் தொடர்ந்து பத்துத் தேர்தல்களில் அவரை யாரும் அசைக்கவில்லை. 2004-இல் தோற்றார். வித்தியாசம் 71 ஓட்டு. ஒரு கல்யாணப் பந்தியின் முதல் வரிசை கோபித்துக்கொண்டால் போதும், மக்களவைத் துணைத் தலைவராக இருந்தவரையே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அத்தனை கூர்மையான ஓட்டு அது. ஆனால் அந்த ஓட்டு டெல்லிக்குப் போகிற ஆளைத்தான் தொடும், டெல்லியிலிருந்து வருகிற ஆளைத் தொடாது.

வந்தவர்கள் எல்லாரும் மோசம் என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். விமானப்படையில் இருந்து வந்த மூர்க்கோத்து ராமுண்ணி நிர்வாகியாக இருந்த காலத்தில்தான், 1964-இல், கோழிக்கோட்டில் இருந்த தலைமையகம் கவரத்திக்கு மாறியது. அதுவரை தீவுகளை ஆண்ட அலுவலகமே தீவில் இல்லை! நல்லவர் வரலாம்தான். மழை வருவதுபோல, அது தீவுக்காரர்கள் கையில் இல்லை.

2021-இல் அது தெரிந்தது. முந்தைய டிசம்பரில் நிர்வாகியாக வந்தவர் குஜராத் அரசியல்வாதி பிரஃபுல் கோடா படேல். நிலத்தைக் கையகப்படுத்த விரிந்த அதிகாரம் தரும் வளர்ச்சி ஆணைய வரைவு, இரண்டு பிள்ளைகளுக்கு மேல் பெற்றவர் பஞ்சாயத்துத் தேர்தலில் நிற்க முடியாது என்ற வரைவு, குண்டர் சட்டம் என்று வரிசையாக வந்தன. நிர்வாகம் வளர்ச்சிக்காக என்றது, ஊர் எங்கள் நிலம் என்றது. ஜூன் 7 அன்று மக்கள் தத்தம் வீட்டுவாசலில் உட்கார்ந்து பட்டினி கிடந்தார்கள். இந்த வரைவுகளை எழுந்து நின்று எதிர்க்க அங்கே ஒரு சபை இல்லை. மாவட்டப் பஞ்சாயத்து இருந்தது, ஆனால் கல்வி, சுகாதாரம், மீன்வளம் போன்ற துறைகளை அதனிடமிருந்து நிர்வாகி அப்போதே எடுத்துக்கொண்டிருந்தார். கடைசியில் தீவுக்காகத் தீர்மானம் போட்டது கேரளச் சட்டமன்றம், மே 31 அன்று, ஏகமனதாக. அதில் தீவுக்காரர் ஓட்டுப்போட்ட உறுப்பினர் ஒருவர்கூடக் கிடையாது. பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து நம் வீட்டு வழக்கைப் பேசுவதுபோல, இரவல் சபை.

“நண்டுவளை அளவு ஊருக்குச் சட்டமன்றம் எதற்கு?” என்று கேட்பவர்கள் உண்டு. 2011 கணக்கெடுப்பின்படி தீவின் மக்கள்தொகை 64,473. பசிபிக் கடலில் அமெரிக்க சமோவா என்று ஒரு தீவுக்கூட்டம். அங்கே இப்போது 50 ஆயிரம் பேர்கூட இல்லை. முதலில் அமெரிக்கக் கடற்படை ஆளுநரை அனுப்பியது, 1951-க்குப் பிறகு உள்துறை. ஆளுநரை நீங்களே தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள் என்று 1972, 73, 74 ஆகிய மூன்று ஆண்டுகளும் ஓட்டெடுப்பு வைத்தபோது மக்கள் வேண்டாம் என்றார்கள்! 1976-இல்தான் சரி என்றார்கள். மறு ஆண்டு ஜெயித்தவர் பீட்டர் டாலி கோல்மன். 1956-இல் வாஷிங்டன் நியமித்து அதே நாற்காலியில் உட்கார்ந்தவர்தான். ஆளும் அதே, நாற்காலியும் அதே. ஆனால் இரண்டாம் முறை அவரை உட்காரவைத்தது ஊர். வேண்டாம் என்று சொல்வதற்கும் அந்த மக்களைக் கேட்டார்களே, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது.

லட்சத்தீவுக்காரர்களுக்குத் தலைவரைத் தேர்ந்தெடுக்கத் தெரியாதா என்ன? மினிக்காயில் ஒவ்வொரு கிராமத்துக்கும் ஊரார் தேர்ந்தெடுக்கும் மூப்பர் உண்டு. பெண்களுக்குத் தனியே ஒரு தலைவி உண்டு.

அந்தப் பையன் பிறகு கடலுக்கே போனான். 2017 ஒக்கிப் புயலில் அவன் போன படகும் லட்சத்தீவில் ஒதுங்கிப் பிழைத்தது. ஊர் திரும்பிய பிறகு ஒரு நாள், ஒரு பொட்டலம் மாசிக் கருவாட்டோடு என் வீட்டுப் படியேறினான். சோறு போட்டதும், உடுக்கத் துணி தந்ததும், படுக்க இடம் கொடுத்ததும் அந்த ஊர்க்காரர்கள்தான் என்றான்.

“ராத்திரி பேசிட்டிருந்தோம் சாரே. நம்ம அரசியல்காரங்களை எல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டினேன். எங்களைத் தேடி ஒருத்தனும் வரல்ல, அடுத்த எலக்‌ஷன்ல பாத்துக்கிடுதோம்னு. அங்கே ஒரு பெரியவரு கேட்டுக்கிட்டே இருந்தாரு.”

“என்ன சொன்னார்?”

“‘உங்களுக்குத் திட்ட ஆளு இருக்கு மோனே’ன்னாரு.”