பட்டாவைப் பார்க்கும் விதிகள் சரிவைப் பார்ப்பதில்லை

புது தில்லி: வயநாடு நிலச்சரிவுக்கு மறுநாள், 2024 ஜூலை 31-ஆம் தேதி, நாடாளுமன்றத்தில் முன்னெச்சரிக்கை பற்றியே வாதம் மூண்டது. எச்சரிக்கை அனுப்பியதாக உள்துறை அமைச்சர் அமித் ஷா கூறினார். கேரள முதல்வராக இருந்த பினராயி விஜயன் அதை மறுத்தார். மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழல் உணர்திறன் பகுதிகளுக்கான ஆறாவது வரைவு அறிவிக்கையும் அதே தேதியிட்டுத்தான் வெளியானது.

அந்த வரைவு தடை செய்ய முனைந்தது 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் பரப்புள்ள கட்டுமானங்களை. குமுளியில் சில சென்ட் நிலத்தில் வீடு கட்டும் ஏலத்தோட்டத் தொழிலாளியோ, கம்பத்திலிருந்து மலையேறிக் குடியேறிய சிறு வியாபாரியோ அந்த வரம்பின் அருகில்கூட வரமாட்டார். அவர் வீட்டின் பின்புறம் மண்ணை வெட்டி எழுப்பும் தடுப்புச் சுவர் ஊராட்சியின் பொறுப்பு. அதிகாரப் பகிர்வின்படி அது சரியே.

ஆனால், இடுக்கியில் முதலில் பார்க்கப்படுவது பட்டா. 1964-ஆம் ஆண்டின் நில ஒப்படைப்பு விதிகளின்படி தரப்பட்ட நிலத்தில் விவசாயமும் குடியிருப்பும் மட்டுமே அனுமதி. நிலம் எதற்காக வழங்கப்பட்டது என்ற வருவாய்த் துறைச் சான்றைக் கட்டட அனுமதிக்கு முன்நிபந்தனையாக்கின 2019-ஆம் ஆண்டின் அரசாணைகள். 2023 செப்டம்பரில் பேரவை திருத்தச் சட்டம் இயற்றியது. ஆளுநரின் ஒப்புதல் 2024 ஏப்ரலில்தான் கிடைத்தது. இடையே மாவட்டத்தில் கடையடைப்பும் நடந்தது. இத்தனையும் நிலத்தின் உரிமைக்காக.

சரிவைக் குறித்து விதியே இல்லை என்பதற்கில்லை. ஒன்றரை மீட்டருக்கு மேல் மண்ணை அகழ்ந்தால் பாதுகாப்பு ஏற்பாடுகள் வேண்டும் என்கின்றன 2019-ஆம் ஆண்டின் கேரள ஊராட்சிக் கட்டட விதிகள். அதை மழைக்கு முன் யார் நேரில் வந்து பார்ப்பது? சுவரின் பின்னே தேங்கும் நீர் வடியத் துளைகளும் சரளைக்கல் நிரப்பும் இல்லையெனில், ஊறிய மண்ணின் பாரம் சுவரையே முன்னே தள்ளிவிடும். சுவர் எழுவதற்கு முன்போ ஆபத்து இன்னும் அதிகம். உதகையை அடுத்த லவ்டேலில் 2024 பிப்ரவரி 7-ஆம் தேதி வீட்டுக் கட்டுமானப் பணியின்போது அருகிலிருந்த பழைய கட்டடம் சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் மாண்டனர்.

மக்கள் வாழும் பகுதிகளை வரைவிலிருந்து நீக்க வேண்டும் என்பது கேரளத்தின் நெடுநாள் கோரிக்கை. நியாயமான கோரிக்கைதான். ஆயினும், வீட்டுச் சுவர்கள் நிற்பதும் அப்பகுதிகளில்தான். நீக்கத்துக்கு ஈடாக, மண் வெட்டுக்கும் சுவருக்கும் பொறியாளர் ஆய்வைக் கட்டாயமாக்குமாறு மத்திய அமைச்சகம் மாநிலத்திடம் கேட்டிருக்கலாம்.