பர்மிய மொழியும் கோசா மொழியும் கொல்லிமலைப் பேச்சும்

மொழிகளை ஒப்பிடுவோர் இரு வகையினர். ஒரு மொழி எவ்வாறு இயங்குகிறது என்று அறிய ஒப்பிடுவோர் ஒரு வகையினர்; எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று தீர்ப்புக் கூற ஒப்பிடுவோர் மற்றொரு வகையினர். மேடைகளில் கைதட்டல் பெறுவோர் பெரும்பாலும் இரண்டாம் வகையினரே. ஆயினும் முதல் வகை ஒப்பீடே அறிவுக்கும் அறத்திற்கும் உகந்ததாகும். ஒன்றோடொன்று எவ்வகை உறவும் இல்லாத பர்மிய மொழியையும் தென்னாப்பிரிக்காவின் கோசா மொழியையும் அவ்வாறு ஒப்பிட்டுப் பார்ப்போம். அதில் பெறும் தெளிவைக் கொண்டு, நமக்கு அண்மையிலுள்ள கொல்லிமலையின் பேச்சை அணுகுவோம்.

தமிழர் அறிந்த மொழிகள்

இவ்விரண்டும் தமிழருக்கு முற்றிலும் அயலானவை அல்ல. பர்மாவின் பழந்தலைநகரான பகானில் நானாதேசி விண்ணகரம் பற்றிய 13ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் தமிழ் பொறிக்கப்பட்டுள்ளது. பிற்காலத்தில் தஞ்சை, இராமநாதபுரம் மாவட்டங்களின் முஸ்லிம் ஊர்கள் பலவற்றிலிருந்து இரங்கூன் சென்று வணிகம் செய்தோர் ஏராளம். 1942இல் போர் காரணமாகவும், 1960களில் கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையானதன் காரணமாகவும் தாயகம் திரும்பியோரின் நினைவாகச் சென்னையில் பர்மா பஜார் நிற்கிறது.

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் சென்னையிலிருந்து டர்பன் துறைமுகத்தை அடைந்த ‘ட்ரூரோ’ கப்பல், நம்மவரைக் கரும்புத் தோட்டக் கூலிகளாக நேட்டால் மண்ணில் இறக்கியது. அங்கு அவர்கள் கேட்ட சூலு மொழி, கோசாவின் உடன்பிறப்பு. அந்நாட்டின் 1996ஆம் ஆண்டு அரசியல் சட்டம் கோசாவை ஆட்சிமொழிகளுள் ஒன்றாக்கியது. அதே சட்டம், போற்றி வளர்க்கப்பட வேண்டிய மொழிகளின் வரிசையில் தமிழையும் குறித்துள்ளது.

அமைப்பில் இரு துருவங்கள்

பர்மிய மொழியில் தமிழைப் போலவே வினை இறுதியில் வரும். ‘இரங்கூனுக்குப் போகிறேன்’ என்பதில் நாம் சேர்க்கும் ‘கு’ உருபின் இடத்தில் அவர்கள் ‘கோ’ என்பதைச் சேர்ப்பர். இதைக் கண்டவுடன் பர்மியமும் தமிழிலிருந்து பிறந்ததே என்று முழங்கிவிடலாகாது. பர்மியம் சீன-திபெத்தியக் குடும்பத்தைச் சார்ந்தது, இவ்வொற்றுமை தற்செயலானது. வேறுபாடும் ஆழமானது. ‘லா’ என்னும் ஒலியைத் தொண்டையை இறுக்கிச் சொன்னால் நிலா; தாழ்த்திச் சொன்னால் வருதல்; உயர்த்தி நீட்டினால் கோவேறு கழுதை.

கோசா, பாண்டுக் குடும்பத்தைச் சார்ந்தது. நாம் சொல்லின் இறுதியில் செய்வதை அவர்கள் முதலில் செய்வர். ‘உம்ந்து’ என்பது மனிதர் ஒருவர். ‘அபந்து’ என்பது மக்கள். ‘மனிதன் போகிறான், மனிதர்கள் போகிறார்கள்’ என்று நாம் பின்னொட்டால் இயைபு காட்டுகிறோம். ‘உம்ந்து உயஹம்ப, அபந்து பயஹம்ப’ என்று அவர்கள் முன்னொட்டால் காட்டுகின்றனர். பர்மியத்திலோ நான், நீ, அவன் என யார் போனாலும் வினை மாறுவதில்லை.

கோசாவின் தனிச்சிறப்பு அதன் சொடுக்கொலிகள். பிறர் துன்பம் கேட்டு நாம் ‘உச்சு’க் கொட்டும் ஒலி அங்கே ஓர் எழுத்து, மாட்டை ஓட்டுகையில் கன்னத்தோரம் எழுப்பும் ஒலி மற்றோர் எழுத்து. இவை கோயிகோயி, சான் மக்களின் மொழிகளிலிருந்து வந்தவை. அங்கே மணமான பெண் தன் மாமனார் பெயரின் அசைகளைக்கூட உச்சரிக்கலாகாது என்னும் மரபு உண்டு. விலக்கிய அசைகளுக்கு மாற்றாகவே இவ்வொலிகள் புகுந்தன என்று ஆய்வாளர் சிலர் கருதுவர். கணவன் பெயரைச் சொல்லத் தயங்கிய நம் பாட்டிமார்க்கு இம்மரபு புதிதாகத் தோன்றாது.

எழுத்தும் அரியணையும்

வரலாற்றில்தான் இவ்விரு மொழிகளின் நிலை பெரிதும் மாறுபடுகிறது. பர்மிய மொழிக்கு அரசவை இருந்தது. தென்னாட்டு எழுத்துகளோடு உறவுடைய வரிவடிவம் இருந்தது. 1113ஆம் ஆண்டையொட்டிப் பொறிக்கப்பட்ட மியசேதிக் கல்வெட்டு பியூ, மோன், பாலி ஆகியவற்றோடு பர்மியத்தையும் தாங்கி நிற்கிறது. கோசாவுக்கோ, கிறித்தவ ஊழியர்கள் 1823இல் அச்சுப்பொறி கொண்டுசென்ற காலத்தையொட்டியே எழுத்து அமைந்தது. அதற்கு முன் அது எழுதப்படாத மொழி; வந்தேறிய வெள்ளையர் பலரின் கண்ணில் நாகரிகமற்றோர் மொழி.

எழுத்துப் பெற்றதும் நிகழ்ந்தது என்ன? 1884இல் ஜான் டெங்கோ ஜபாவு அம்மொழியில் செய்தி இதழ் தொடங்கினார். 1897இல் ஈனோக் சொன்டோங்கா அம்மொழியில் இயற்றிய பாடல் இன்று நாட்டுப்பண்ணின் முதற்பகுதியாக ஒலிக்கிறது. நெல்சன் மண்டேலாவின் தாய்மொழியும் அதுவே. இலக்கணச் செழுமை அச்சுப்பொறியோடு கப்பலில் வந்து இறங்கவில்லை. அது முன்னரே மக்கள் நாவில் இருந்தது. இல்லாதிருந்தவை ஏடும் அதிகாரமும் மட்டுமே. மொழியின் தகுதி வேறு, மொழிக்கு வாய்த்த வாய்ப்பு வேறு என்பதே இவ்வொப்பீடு தரும் பாடம்.

கொல்லிமலையை நோக்கி

இப்பாடத்தோடு 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கொல்லிமலைக்கு ஏறுவோம். வல்வில் ஓரியையும் கொல்லிப்பாவையையும் வகுப்பறையில் வியந்து பேசும் நாம், அம்மலையில் இன்று வாழும் மலையாளிப் பழங்குடி மக்களின் பேச்சைக் ‘கொச்சை’ என்று ஒரு சொல்லால் ஒதுக்கிவிடுகிறோம். இவர்கள் கேரள மலையாளிகள் அல்லர். காஞ்சியிலிருந்து மூன்று உடன்பிறப்புகளின் வழியே மலைகளில் குடியேறியதாகத் தம் வரலாறு கூறுபவர்கள், பேசுவதும் தமிழே.

அப்பேச்சின் செல்வத்திற்கு ஒரு சான்று போதும். நமக்குச் சாமை என்பது ஒரு சொல், ஒரு தானியம். அவர்களுக்கோ கட்டவெட்டிச் சாமை, மல்லியச் சாமை, பெருஞ்சாமை, சடஞ்சாமை எனப் பல. தினையிலும் செந்தினை, பெருந்தினை, மூக்காந்தினை எனப் பாகுபாடு உண்டு. ஜவ்வரிசி ஆலைகளை நம்பி மரவள்ளி பரவப் பரவ, இத்தானியங்களின் நிலம் சுருங்குகிறது. விதை அழியும் இடத்தில் அதன் பெயரும் அழியும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் விதைகளைக் காக்க அங்கே உழைத்து வருகிறது. சொற்களைக் காப்பது தமிழ்த்துறையின் கடமை அன்றோ?

மலைப்பிள்ளைகளுக்குத் தேர்வும் வேலையும் தருவது பொதுத்தமிழே என்பர் சிலர். உண்மை, அதை மறுப்பது அவர்களுக்குச் செய்யும் தீங்கு. ஆனால் பொதுத்தமிழைக் கற்பிக்க வீட்டுத்தமிழை எள்ளி நகையாட வேண்டியதில்லை. வாய் திறந்தாலே வகுப்பு சிரிக்கும் என்று அஞ்சும் மாணவன் எத்தமிழையும் கற்கமாட்டான்.

நம் இல்லத்துச் சொற்கள்

இவ்வலியை நம் சமுதாயம் அறியும். ‘ஆணம்’ என்றும் ‘பசியாறினீர்களா’ என்றும் பேசிய நம் வீட்டுத்தமிழும் ஒருகாலத்தில் கேலிக்குள்ளாயிற்று. தொழுகை, நோன்பு என்னும் தூய தமிழ்ச் சொற்களைக் காத்தவை நம் இல்லங்களே என்பதும், அரபுத்தமிழ் ஏடுகள் தமிழின் ஓர் அரிய கிளை என்பதும் ஆய்ந்து உரைத்த பின்னரே மதிப்புப் பெற்றன. இகழ்ச்சியை நுகர்ந்த நாமே பிறரை இகழலாமா? மொழிகளும் நிறங்களும் வேறுபட்டிருத்தலை இறைவனின் சான்றுகளுள் ஒன்றாகத் திருமறை (30:22) எண்ணுகிறது. இறைவனின் சான்றைக் கொச்சை எனல் தகுமோ?

ஆகவே நம் தமிழ்த்துறைக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் மாணவர் சிலர் விடுமுறையில் கொல்லிமலை செல்லட்டும். பயிர், உணவு, உறவுமுறை, சடங்கு ஆகியவற்றின் சொற்களை முதியோரிடம் கேட்டுப் பதியட்டும். சொன்னவர் பெயரை அவர் ஒப்புதலோடு குறிக்கட்டும். தொகுத்த ஏட்டின் படி ஒன்றை மலையிலுள்ள உண்டு உறைவிடப் பள்ளிகளுக்கு வழங்கட்டும். சமுதாயப் பெரியோர் பயணச் செலவை ஏற்றால் இது கைகூடாத செயலன்று. கோசாவுக்கு எழுத்தைக் கொண்டுசெல்லக் கடல் கடந்து சிலர் போனார்கள். நம் தமிழின் ஒரு கிளையைக் கேட்டு எழுத, நாம் ஒரு மலை ஏறினால் போதும். இன்ஷா அல்லாஹ், இப்பணி இவ்வாண்டே தொடங்குக!