குழாய்த் தண்ணியில் கருத்தடை மாத்திரையா?

"இப்பல்லாம் நிறைய பேருக்குக் குழந்தை இல்லாததுக்குக் காரணமே, பொம்பளைங்க சாப்பிடுற கருத்தடை மாத்திரை குடிதண்ணியில கலக்கறதுதான்!"

இப்படி ஒரு பேச்சு ஹாஸ்டல் மெஸ் வரைக்கும் வந்துவிட்டது. சொல்கிறவர்கள் யாரும் கணக்குப் போட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. டிப்ளமோ படிக்கிற நாமாவது போட்டுப் பார்க்க வேண்டாமா நண்பர்களே?

முதலில், இதில் உண்மை எவ்வளவு என்று பார்ப்போம். மாத்திரையில் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ராடியால் என்ற செயற்கை ஹார்மோன் உடம்பிலேயே முழுக்கச் செலவாகி விடுவதில்லை. ஒரு பங்கு கழிவோடு வெளியேறி, சாக்கடை வழியாக ஆறு, ஏரிகளுக்குப் போய்ச் சேருகிறது. அங்கே அது சும்மா இருப்பதில்லை.

கனடாவில் ஒன்டாரியோ மாகாணத்தில் ஆராய்ச்சிக்கென்றே ஒதுக்கப்பட்ட ஏரிகள் உண்டு. அவற்றில் 260-ஆம் எண் ஏரியில், கேரன் கிட் என்ற பெண் விஞ்ஞானியின் குழு 2001 முதல் 2003 வரை மூன்று கோடைக்காலம் இந்த ஹார்மோனைக் கலந்தது. அளவு, லிட்டருக்கு 5 முதல் 6 நானோகிராம். என்ன ஆயிற்று? பெண் மீனுக்கு மட்டுமே அதிகமாகச் சுரக்க வேண்டிய முட்டைப் புரதம் ஆண் மீன்களிலும் சுரந்தது. ஆண் மீன்களின் இனப்பெருக்க உறுப்பில் பெண் தன்மை தெரிந்தது. ஒரு வகைச் சின்ன மீன் அந்த ஏரியிலிருந்து ஏறக்குறைய அழிந்தே போனது. கலப்பதை நிறுத்திய பிறகு, சில வருஷங்கள் கழித்துத்தான் அது மறுபடி பெருகியது.

5 நானோகிராம் என்றால் எவ்வளவு? நம்ம ஊர் 'மாலா-டி' மாத்திரை ஒன்றில் இந்த ஹார்மோன் 0.03 மில்லிகிராம், அதாவது 30,000 நானோகிராம் உள்ளது. 12,000 லிட்டர் தண்ணி லாரியில் இரண்டே இரண்டு மாத்திரை கரைத்தால் அந்த ஏரியின் அளவு வந்துவிடும். மீன் வம்சத்தை நாசமாக்க அவ்வளவே போதும்!

"அப்போ நமக்கும் அதே கதிதானே?" என்று கேட்பீர்கள். அவசரப்பட வேண்டாம். மீன் அந்தத் தண்ணியிலேயே வாழ்கிறது. ராப்பகலாகச் செவுள் வழியாக ஹார்மோனை உள்ளே இழுக்கிறது. நாமோ நாளைக்கு இரண்டு லிட்டர் குடிக்கிறோம். அந்த ஏரித் தண்ணியையே குடித்தாலும் ஒரு மாத்திரை அளவு உள்ளே போக 3,000 நாள், அதாவது எட்டு வருஷத்துக்கு மேல் ஆகும். சுத்திகரித்த குடிநீரில் மருந்துகளின் அளவு பொதுவாக லிட்டருக்கு 50 நானோகிராமுக்கும் கீழே, சிகிச்சைக்குத் தரும் மிகக் குறைந்த அளவில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதனால் மனிதருக்குக் கெடுதல் வர வாய்ப்பு மிகவும் குறைவு என்று உலக சுகாதார நிறுவனம் 2012-ல் சொன்னது. தண்ணியில் சேரும் ஹார்மோனில் பெரும்பங்கு மனிதரும் கால்நடைகளும் இயற்கையாக வெளியேற்றுவதுதான், மாத்திரையின் பங்கு சிறியது என்று அமெரிக்காவில் 2011-ல் வந்த ஓர் ஆய்வுக் கட்டுரையும் காட்டியது.

ஆக, பெண்கள் மேல் போடும் இந்தப் பழி கணக்கில் நிற்கவில்லை. குழந்தை இல்லையென்றால் குற்றத்தைப் பெண் தலையில் கட்டுவது நம் சமூகத்துக்குப் புதிதா என்ன? பழைய பழிக்கு இப்போது விஞ்ஞானச் சட்டை மாட்டிவிடுகிறார்கள், அவ்வளவுதான். தண்ணியைக் குறை சொல்லிக்கொண்டு, ஆண் பரிசோதனைக்குப் போகாமல் தட்டிக் கழிக்கவும் இது நல்ல சாக்கு.

அதற்காக "ஒண்ணுமே இல்லை" என்று படுத்துத் தூங்கவும் முடியாது. ஐதராபாத் அருகே பட்டன்சேருவில் சுமார் 90 மருந்துத் தொழிற்சாலைகளின் கழிவைச் சுத்திகரித்த நிலையத்திலிருந்து வெளியேறிய நீரில், சிப்ரோஃப்ளோக்சசின் என்ற ஒரே மருந்து லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததை ஸ்வீடன் விஞ்ஞானிகள் 2007-ல் வெளியிட்டார்கள். சுற்றுவட்டாரக் கிணறுகளிலும் மருந்துகள் இருந்தது 2009-ல் தெரிய வந்தது. அது ஹார்மோன் அல்ல, நோய்க்கிருமியைக் கொல்லும் மருந்து. ஆனால் பாடம் ஒன்றுதான்: யாரும் தேடாதவரை எதுவும் கண்ணில் படாது. 2012-ல் வந்த நம் நாட்டுக் குடிநீர்த் தர நிர்ணயம் ஐ.எஸ். 10500-ல் பூச்சிமருந்துகளுக்கு வரம்பு உண்டு. மாத்திரை மருந்துகளுக்கு இல்லை.

இங்கேதான் நம் வேலை வருகிறது. சுத்திகரிப்பு நிலையத்தில் ஷிப்ட் பார்க்கப் போவதும், சாம்பிள் எடுக்கப் போவதும் நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்கள்தான். லேபில் நாம் பார்ப்பது பி.எச்., பி.ஓ.டி., சி.ஓ.டி.; அதில் ஹார்மோன் சிக்காது. வழக்கமான சுத்திகரிப்பும் அதில் ஒரு பகுதியைத்தான் நீக்கும். ஓசோனும் ஆக்டிவேட்டட் கார்பனும் சேர்த்தால் பெரும்பகுதி போய்விடும். சுவிட்சர்லாந்து 2016-லேயே இதற்குச் சட்டம் போட்டுப் பல நிலையங்களை மேம்படுத்தத் தொடங்கியது. நாமும் குறைந்தபட்சம் மருந்துத் தொழிற்சாலைகளின் வாசலிலாவது அளந்து பார்க்கச் சொல்லிக் கேட்க வேண்டும் என்பதே என் கருத்து. வீட்டில் மிஞ்சிய மாத்திரையைக் கழிப்பறையில் கொட்டாமல் இருக்க எந்தச் சட்டமும் தேவையில்லை.

நண்பர்களே! வதந்தியை நம்பிப் பயப்படுவது சுலபம். சாம்பிள் எடுத்து, அளந்து, பேசுவதுதான் கஷ்டம். அந்தக் கஷ்டமான வேலைக்குத்தானே நாம் படிக்கிறோம்?