சுழி பார்ப்போம், ரத்தம் பார்க்க மாட்டோம்

இந்தியாவில் மாடுகள் அதிகம் உள்ள மாநிலம் எது என்று கேட்டால் பெரும்பாலானவர்கள் உத்தரப் பிரதேசம் அல்லது ராஜஸ்தான் என்பார்கள். 2019ல் எடுத்த 20வது கால்நடைக் கணக்கெடுப்பில் முதலிடம் மேற்கு வங்கத்துக்கு. எருமையைச் சேர்க்காமல் சுமார் 1.9 கோடி மாடுகள்.

நான் குடியிருக்கும் காளிகாட் பக்கம் நின்று பார்த்தால் இதை நம்ப முடியாது. இங்கே பால் பாக்கெட்டில் வருகிறது. லேக் மார்க்கெட்டில் தயிரும் தெருமுனைக் கடையில் சந்தேஷும் கிடைக்கின்றன. மாட்டைப் பார்க்க வேண்டுமென்றால் ரயிலேறி நதியா மாவட்டத்துப் பக்கம் போக வேண்டும். எனக்கு அது வேலை. வங்கியில் விவசாயக் கடன் பிரிவு. நாமக்கல் பக்கத்திலிருந்து வந்தவன் என்பதால் மாடு, கோழி என்றால் அந்தக் கோப்பு நேராக என் மேசைக்கு வந்துவிடும்.

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். கோபமும் கொஞ்சம் கூடுதல். பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் இதுதான். மாடு வாங்கக் கடன் கொடுத்த ஒரு கோப்பு. சுய உதவிக் குழுவில் இருக்கும் ஒரு பெண். மாடு ஏழு மாதச் சினையில் கன்று வீசிவிட்டது. நஞ்சுக்கொடி விழவில்லை. வீட்டுக்காரர் கையை விட்டு எடுத்திருக்கிறார். அப்புறம் பாலும் சரியாக இல்லை, மறுபடி சினையும் பிடிக்கவில்லை. சந்தையில் விற்றுவிட்டார்கள். கோப்பில் கடைசி வரி, "மாடு விற்கப்பட்டது, தவணை நிலுவை". அவ்வளவுதான்.

அந்த மாட்டுக்கு என்ன நோய்? யாருக்கும் தெரியாது. ஏனென்றால் யாரும் பரிசோதிக்கவில்லை. நோய் ஒருவேளை இருந்திருந்தால், அதை வாங்கிக்கொண்டு போனவர் வீட்டுத் தொழுவத்தில் இப்போது அது குடியிருக்கும். என் புகாரே இதுதான்.

மாட்டுக்குக் கடைசி மூன்று நான்கு மாதச் சினையில் கன்று வீசினால் முதலில் சந்தேகப்பட வேண்டிய நோய்களில் ஒன்று ப்ரூசெல்லோசிஸ். நம்மூர் கால்நடைத்துறைக் கையேடுகளில் கருச்சிதைவு நோய் என்று போட்டிருப்பார்கள். இதற்குக் காரணமான கிருமியை டென்மார்க்கின் பெர்ன்ஹார்ட் பாங் 1897லேயே மாட்டில் கண்டுபிடித்துவிட்டார். அதாவது 120 வருஷத்துக்கும் மேலாகத் தெரிந்த எதிரி. வீசிய கன்று, நஞ்சுக்கொடி, கர்ப்ப நீர் எல்லாவற்றிலும் கோடிக்கணக்கில் கிருமி இருக்கும். அது விழுந்த புல்லை மேயும் அடுத்த மாட்டுக்குத் தொற்றும். வெறுங்கையால் தொடும் மனிதனுக்கும் தொற்றும். காய்ச்சாத பாலிலும் வரும்.

(சந்தேஷ் பிரியர்கள் பதற வேண்டாம். சென்னா எடுக்கப் பாலைக் காய்ச்சித்தான் ஆகவேண்டும், கொதித்தால் கிருமி போய்விடும். ஆபத்து நமக்கு இல்லை. பால் கறப்பவருக்கும் பிரசவம் பார்ப்பவருக்கும்தான். நாம் ஏன் இதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை என்பதற்கும் அதுவே காரணமாக இருக்கலாம்.)

மனிதனுக்கு வந்தால் விட்டு விட்டுக் காய்ச்சல், ராத்திரியில் வியர்வை, மூட்டு வலி, மாதக்கணக்கில் அசதி. டைபாய்டு என்பார்கள், மலேரியா என்பார்கள், காசநோயோ என்று படமெடுப்பார்கள். "வீட்டில் மாடு கன்று வீசியதா?" என்று ஒரு கேள்வி கேட்டால் பாதி வழி வந்துவிடலாம். இரண்டு மருந்துகளைச் சேர்த்து ஆறு வாரம் கொடுத்தால் பெரும்பாலும் குணமாகும். அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் ஆளில்லை.

கண்டுபிடிப்பது கஷ்டமா? அதுவும் இல்லை. மாட்டின் ரத்தத்திலிருந்து பிரித்த சீரம் ஒரு சொட்டு. சாயமேற்றிய, செத்த கிருமிகள் கலந்த திரவம் ஒரு சொட்டு. இரண்டையும் ஒரு தட்டில் வைத்துக் கலக்கி, நாலு நிமிஷம் ஆட்டிப் பார்க்க வேண்டும். மணல் மணலாகத் திரிந்தால் சந்தேகம், திரியாவிட்டால் சரி. இந்தப் பரிசோதனைக்குப் பெயர் என்ன தெரியுமா? ரோஸ் பெங்கால். சாயத்தின் பெயர் அது. வங்கத்துப் பெண்கள் நெற்றியில் வைக்கும் சிவப்பைப் பார்த்து ஐரோப்பாவில் வைத்த பெயர் என்று ஒரு கதை சொல்வார்கள். காளிகாட் கோயில் சந்தில் கடைக்குக் கடை குவித்து வைத்திருக்கும் அதே சிவப்பு. வங்கத்தின் பெயரைத் தாங்கிய பரிசோதனை உலகமெல்லாம் நடக்கிறது. வங்கத்துக் கிராமத்தில் கன்று வீசிய அந்த மாட்டுக்கு மட்டும் நடக்கவில்லை.

தடுப்பூசி? 1923ல் அமெரிக்காவில் ஒரு ஜெர்சி மாட்டின் பாலிலிருந்து பிரித்தெடுத்த கிருமியிலிருந்து வந்தது. ஸ்ட்ரெயின் 19 என்பார்கள். 4 முதல் 8 மாத வயதுள்ள கிடேரிக் கன்றுக்கு ஒரே ஒரு தடவை போட்டால் போதும். இந்தியாவில் 2019 செப்டம்பரில் மதுராவில் பிரதமர் தொடங்கிவைத்த தேசியத் திட்டத்தில், கோமாரிக்கு அடுத்தபடியாக இதையும் சேர்த்தார்கள். ஐந்து வருஷத்துக்கு 12,000 கோடி ரூபாய்க்கு மேல் ஒதுக்கீடு. 2030க்குள் ஒழிப்பது இலக்கு. நல்ல திட்டம். பாராட்டத்தான் வேண்டும்.

ஆனால் கன்றுக்கு ஊசி போட்டால், ஏற்கெனவே நோயோடு நிற்கும் தாய் மாட்டை என்ன செய்வது? அந்த இடத்தில்தான் எல்லோரும் மௌனமாகிவிடுகிறார்கள்.

விவசாயி பக்கம் நின்று யோசியுங்கள். ரத்தம் எடுத்துப் பார்த்து "உங்கள் மாட்டுக்கு நோய்" என்று சொன்னால் அவருக்கு என்ன லாபம்? மாட்டுக்கு இதைக் குணப்படுத்த மருத்துவம் பார்ப்பது நடைமுறையில் இல்லை. ஊருக்குத் தெரிந்தால் பால் விலை போகாது. மாட்டை விற்கவும் முடியாது. இழப்பீடு கேட்க அலைய வேண்டும். பரிசோதிக்காமல் விட்டால்? சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய், துண்டுக்கடியில் தரகர் விரலைப் பிடித்துக் கிடைத்த விலைக்குத் தள்ளிவிடலாம். உண்மை தெரிந்தால் நஷ்டம், தெரியாவிட்டால் பாதிக் காசாவது கையில். நீங்களும் நானும் அந்த இடத்தில் இருந்தால் என்ன செய்வோம்? விவசாயியைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நோயை மறைப்பவனுக்குக் காசும் சொல்பவனுக்குத் தண்டனையும் என்று ஏற்பாடு செய்து வைத்திருப்பது நாம்.

இந்த நோயை ஒழித்த நாடுகள் இந்த முடிச்சைத்தான் முதலில் அவிழ்த்தன. அமெரிக்காவில் 1934ல் வறட்சி நிவாரணமாக மாடுகளை அரசே விலைக்கு வாங்கியபோது, அதோடு சேர்த்து நோயுற்ற மாடுகளையும் அகற்றத் தொடங்கினார்கள். ஆஸ்திரேலியா 1989ல் இந்த நோய் இல்லாத நாடாக அறிவித்துக்கொண்டது. தடுப்பூசி, பரிசோதனை, அகற்றிய மாட்டுக்குக் காசு. மூன்றும் சேர்ந்துதான் வேலை செய்தன. முதலாவதை மட்டும் எடுத்துக்கொண்டு மூன்றாவதை மறந்தால் எப்படி?

"இது ஏழை நாடு, இழப்பீட்டுக்குக் காசு ஏது?" என்பார்கள். 2008 ஜனவரியில் இதே மேற்கு வங்கத்தில் பீர்பூமில் தொடங்கிய பறவைக் காய்ச்சல் ஞாபகமிருக்கிறதா? லட்சக்கணக்கான கோழிகளையும் வாத்துகளையும் அழித்தார்கள். அழித்த கோழிக்கு அரசு இழப்பீடு உண்டு என்பது அப்போதே கொள்கை. தொகை போதுமா, நேரத்துக்கு வந்ததா என்பது வேறு சண்டை. கோழிக்கு ஒரு நியாயம் இருக்கலாம் என்றால் மாட்டுக்கு ஏன் கூடாது? நாமக்கல்காரன் கேட்கிறேன், கோழி மேல் எனக்கு ஒரு பொறாமையும் இல்லை.

"கோமாதாவைக் கொல்லச் சொல்கிறாயா?" என்று அடுத்த அம்பு வரும். மேற்கு வங்கத்தின் 1950ம் வருஷச் சட்டம் 14 வயது தாண்டியதோ தீராத நோயுள்ளதோ என்று சான்று இருந்தால் வெட்ட அனுமதிக்கிறது. பல மாநிலங்களில் பசுவுக்கு அதுவும் கிடையாது. சரி, கொல்ல வேண்டாம். அப்படியானால் அரசு விலை கொடுத்து வாங்கி, நோயுள்ளவற்றுக்கென்று தனியாக ஒரு தொழுவத்தில், சினையாக்காமல் வைத்துக் கடைசி வரை தீவனம் போடட்டும். பரிசோதிக்காத மாடுகளை வாங்கி நல்ல மாடுகளோடு கோசாலையில் அடைத்துவிட்டுப் புண்ணியம் என்று சொல்லாதீர்கள். பக்தி உள்ளவர்கள்தான் இந்தச் செலவை முதலில் கேட்க வேண்டும்.

இப்போது ஆராய்ச்சிக்கு வருவோம். 2009ல் கர்னாலில் கரிமா என்ற எருமைக் கன்றைக் குளோனிங்கில் உருவாக்கினார்கள். பத்திரிகையெல்லாம் படம். இப்போது பெண் கன்றே பிறக்க வைக்கும் விந்து, சோதனைக்குழாய்க் கரு என்று மானியங்கள். நான் ஆராய்ச்சிக்கு எதிரி இல்லை. இந்த ஊரில் பெல்காச்சியாவில் 1890களிலிருந்து கால்நடைக் கல்லூரி இருக்கிறது. சினை ஊசி முறையை நாடு முழுக்கக் கொண்டுபோக 1940களில் தொடங்கிய நான்கு மண்டல மையங்களில் ஒன்று கல்கத்தா. (மற்றவை பெங்களூர், பாட்னா, இன்று பாகிஸ்தானில் இருக்கும் மாண்ட்கோமரி.) அந்தப் பாரம்பரியத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் ஒசத்தியான கருவைக் கொண்டுபோய் வைக்கும் கருப்பையில் கிருமி இருந்தால், ஏழாம் மாதம் அந்தக் கருவும் தரையில்தான் விழும். விந்து நிலையத்துக் காளைக்கு இந்த நோய் இருக்கிறதா என்று தவறாமல் பரிசோதிக்கிறார்கள். சினை ஊசி போடப்போகும் பசுவுக்கு? காளை அரசுச் சொத்து, பசு ஏழை வீட்டுச் சொத்து. வேறு வித்தியாசம் எனக்குத் தெரியவில்லை.

இன்னொருவரையும் யாரும் நினைப்பதில்லை. இங்கே ஊர் ஊராகப் போய்ச் சினை ஊசி போடுபவரைப் பிராணிபந்து என்பார்கள். செய்த வேலைக்குக் கூலி என்ற கணக்கில் தொடங்கிய ஏற்பாடு அது. தோள் வரை கை விட்டுச் செய்யும் வேலை. மேலும் ஸ்ட்ரெயின் 19 உயிருள்ள கிருமித் தடுப்பூசி. கன்று துள்ளி, ஊசி போடுபவர் கையில் குத்தினால் அவருக்கே நோய் வரலாம். நீளக் கையுறை, முகக்கவசம், கண்ணாடி, வருஷம் ஒரு ரத்தப் பரிசோதனை. ஒரு குளோனுக்கு ஆகும் செலவில் எத்தனை பேருக்கு இதைக் கொடுக்கலாம்?

சும்மா புலம்பாமல், என் துறையில் உடனே செய்யக்கூடியது ஒன்றைச் சொல்கிறேன். மாட்டுக் கடன் கொடுக்கும்போது காதில் 12 இலக்க டேக் இருக்கிறதா, காப்பீடு எடுத்தாயிற்றா என்று பார்க்கிறோம். அதோடு ரோஸ் பெங்கால் பரிசோதனையும் கட்டாயம் என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். விற்பவர் வீட்டிலேயே, காசு கைமாறும் முன்பு. செலவு வங்கியுடையது, கடன் வாங்குபவருடையது அல்ல. அந்த டேக் எண்ணிலேயே முடிவைப் பதிந்துவிட்டால் அடுத்த சந்தையில் ஏமாற்ற முடியாது.

இதைக் கூட்டத்தில் நான் சொன்னபோது கிடைத்த பதில், "கடன் இலக்கு என்னாவது?" கடன் இலக்கு! நோய் மாட்டுக்குக் கொடுத்த கடன் இலக்கில் சேரும், திரும்ப மட்டும் வராது.

விவரம் தெரிந்தவர்கள் ஒரு கேள்வி கேட்பீர்கள். கன்றில் தடுப்பூசி போட்ட மாடும் பரிசோதனையில் நோய் என்று காட்டாதா? காட்டலாம். ஆனால் சரியான வயதில் போட்ட கன்றுகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒன்றரை வயது தாண்டுவதற்குள் அது மங்கிவிடும். சந்தேகம் இருந்தால் ஆய்வகத்தில் இன்னொரு பரிசோதனை செய்து உறுதிப்படுத்தலாம். தடுப்பூசி போட்ட தேதி டேக்கில் ஏறியிருந்தால் குழப்பமே இல்லை. அதனால் இது பரிசோதனையை ஒழுங்காகச் செய்வதற்கான காரணம், செய்யாமல் விடுவதற்கு அல்ல.

நம்மூரில் மாடு வாங்கினால் சுழி பார்ப்போம், பல் பார்ப்போம், மடியைப் பிடித்துப் பார்ப்போம். காளிகாட்டில் பலிக்கு நேர்ந்த கிடாயைக்கூட ஊனமில்லாமல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள். ஒரு குடும்பத்தின் மூன்று வருஷக் கடனைச் சுமக்கப்போகும் பசுவிடம் ஒரு சொட்டு ரத்தம் எடுக்க மட்டும் நமக்கு மனசு வரவில்லை.

உங்களில் யாராவது வங்கியிலோ பால் சங்கத்திலோ காப்பீட்டிலோ இருந்தால் அடுத்த கூட்டத்தில் இதைக் கேளுங்கள். கால்நடை மருத்துவர்கள் யாராவது படித்தால், நான் சொன்னதில் தப்பு இருந்தால் பின்னூட்டத்தில் தாராளமாகத் திட்டுங்கள். "இது பெரிய விஷயமா?" என்று மட்டும் கேட்காதீர்கள். நஞ்சுக்கொடியை வெறுங்கையால் எடுத்த அந்த மனிதர் அதற்கப்புறம் காய்ச்சலில் படுத்தாரா என்று எந்தக் கோப்பிலும் இல்லை.