கமலா பேருக்கு அர்ச்சனையா?

2024ல ஒரு வெள்ளிக்கிழமை பூஜை முடிஞ்சு பாத்திரம் கழுவிக்கிட்டு இருந்தேன். ரெண்டு பேர் வந்து, நவம்பர் 5 அமெரிக்காவுல அதிபர் தேர்தல், கமலா ஹாரிஸ் பேருக்கு ஒரு அர்ச்சனை வைப்போமான்னு கேட்டாங்க. வேணாம்னேன். கோவிச்சிக்கிட்டாங்க. அதான் எழுதுறேன்.

அவங்க தாத்தா பி.வி.கோபாலன் பிறந்தது மன்னார்குடி பக்கம் துளசேந்திரபுரம். அந்த ஊர்க்காரங்க கோயில்ல பூஜை போட்டது நியாயம், அவங்க ஊர்ப் பேத்தி. பண்டமாரான்ல நமக்கு என்ன? நம்ம இரத்தமாம்! நாலு வருஷம் துணை அதிபரா இருந்தாங்க, இஸ்ரேலுக்கு ஆயுதம் போறது நின்னுச்சா?

அதுக்காக டிரம்ப் நல்லவருன்னு சொல்லல. வெளிநாட்டுச் சாமான் எல்லாத்துக்கும் 10, 20 விழுக்காடு வரி போடுவேன்னு 2024ல சொன்னாரு. எங்க பேக்டரி சாமான் போர்ட் கிள்ளான்ல கப்பல் ஏறி அங்கதான் போகுது. வரி வந்தா முதல்ல வெட்டுறது என் ஆளுங்க ஓ.டி.யைத்தான். எனக்கு அங்க ஓட்டு இருந்திருந்தா இந்த ஒரு காரணத்துக்கே, மனசில்லாம, கமலாவுக்குப் போட்டிருப்பேன். ஓட்டு வேற, அர்ச்சனை வேற.

இன்னொண்ணு. கேட்டவங்கள்ல ஒருத்தர் 2022 நவம்பர் 19 நம்ம பொதுத்தேர்தல்ல ஓட்டே போடல. வரிசை நீளமாம். அண்ணே, உங்க மகனுக்கு இந்த வருஷம் 18. பேரு பட்டியல்ல தானா ஏறிடும், சரியா இருக்கான்னு முதல்ல பாருங்க. அடுத்த வெள்ளி அவன் பேருக்கே அர்ச்சனை வைப்போம்.