கல் எடுத்த கையும் வெள்ளைத் துணி கட்டிய கையும்



2021ஆம் ஆண்டு நவம்பர் 23ஆம் திகதியை கிண்ணியா மக்கள் மறக்க மாட்டார்கள். குறிஞ்சாக்கேணியில் புதிய பாலம் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. அதனால் மக்கள் படகுப் பாதையில்தான் அக்கரைக்குப் போய் வந்தார்கள். அன்று காலை பாடசாலைப் பிள்ளைகளும் பெரியவர்களும் ஏறிய அந்தப் பாதை கவிழ்ந்தது. அன்றைய தினமே ஆறு பேர் மௌத்தானார்கள். அவர்களில் சின்னப் பிள்ளைகளும் இருந்தார்கள். அல்லாஹ் அவர்களைப் பொருந்திக்கொள்வானாக.

துக்கம் கோபமாக மாற அதிக நேரம் ஆகவில்லை. அப்பகுதிப் பாராளுமன்ற உறுப்பினரின் வீட்டை ஒரு கூட்டம் தாக்கியது.

மாலையில் ஓர் உம்மா என் வீட்டு வாசலில் வந்து நின்றார். பக்கத்தில் அவருடைய மகன். வயது பதினைந்து. என்னிடம் ஓதுகின்ற பிள்ளை. வலது கை விரலிடுக்கில் வெட்டுக் காயம்.

“மௌலவி, இவன்ட கையப் பாருங்க. கல்லெறிஞ்ச கூட்டத்தில இவனும் நிண்டிருக்கான். நான் இவனுக்கு மருந்து கட்டவா, நாலு அடி போடவா?” என்று கேட்டார்.

பையன் தலை குனியவில்லை. “சின்னப் புள்ளைகள் மௌத்தானது அநியாயம் இல்லையா மௌலவி?” என்று என்னையே திருப்பிக் கேட்டான்.

நான் வாயடைத்துப் போனேன். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அன்று பகல் பையன்கள் கூட்டமாகப் போனதை நான் கண்டேன். “எங்க போறீங்க மகன்?” என்று ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் நெஞ்சிலும் அதே கோபம்தான் இருந்தது. வருடக்கணக்காக ஓதிக்கொடுக்கும் நான், பேச வேண்டிய நேரத்தில் மௌனமாக நின்றுவிட்டேன்.

அந்தப் பிள்ளையின் கேள்விக்கு இன்று பதில் எழுதுகிறேன். ஆம் மகனே, அது அநியாயம்தான். அநியாயத்தைக் கண்டு கோபப்படாத உள்ளம் ஈமானின் சூடு குறைந்த உள்ளம். ஆனால் கோபம் சரியாக இருந்தால் மட்டும் போதாது. அந்தக் கோபம் யாருக்காக வந்ததோ அவர்களுக்கு அது உதவ வேண்டும். மௌத்தான பிள்ளைகளுக்காக ஊர் கேட்க வேண்டிய கேள்விகள் எத்தனையோ இருந்தன. பாதுகாப்பில்லாத பாதையை ஓட விட்டது யார்? பாலம் முடியும்வரை மக்களுக்கு என்ன வழி செய்யப்பட்டது? கல் பறந்ததும் அந்தக் கேள்விகளுக்குப் பக்கத்தில் இன்னொரு கேள்வியும் வந்து உட்கார்ந்துகொண்டது: வீட்டைத் தாக்கியது யார்? பதில் சொல்ல வேண்டியவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வசதி!

சகோதரிகளே, இதற்கு ஒரு வருடத்துக்கு முன் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கொரோனாவில் மௌத்தானவர்களின் ஜனாஸாக்களை எரித்தே ஆக வேண்டும் என்று 2020இல் அரசாங்கம் பிடிவாதமாக நின்றது. அந்த டிசம்பரில் பிறந்து இருபது நாளான ஒரு குழந்தையின் உடலையும் கொழும்பு பொரளை மயானத்தில் எரித்தார்கள். அதைவிடக் கோபம் வரக்கூடிய காரியம் என்ன இருக்கிறது?

அப்போது மக்கள் என்ன செய்தார்கள்? மயானத்தின் வேலியில் வெள்ளைத் துணி கட்டினார்கள். நம்மை மட்டுமல்ல, பிற சமூகத்தவரையும் அந்தத் துணி அங்கே கொண்டுவந்தது. கபன் துணியின் அர்த்தத்தை யாருக்கும் விளக்கிச் சொல்லத் தேவையிருக்கவில்லை. அதிகாரிகள் அவிழ்த்தால் மறுபடி கட்டினார்கள். வெளிநாடுகளிலும் கட்டினார்கள். 2021 பெப்ரவரியில் பொத்துவிலிலிருந்து பொலிகண்டி வரை தமிழ் மக்களும் முஸ்லிம்களும் நடந்து போன பேரணி நமது திருகோணமலை வழியாகவும் சென்றது. ஜனாஸா விடயமும் அதன் கோரிக்கைகளில் ஒன்று.

வெள்ளைத் துணி மட்டுமே வெற்றி தந்தது என்று சொன்னால் அது உண்மையாகாது. முஸ்லிம் நாடுகளின் குரலும் ஜெனீவாவின் நெருக்குதலும் இருந்தன. ஆனால் அந்தத் துணியைக் காட்டி நம்மை வன்முறையாளர் என்று யாரும் சொல்ல முடியவில்லை. 2021 பெப்ரவரி இறுதியில் அடக்கம் செய்ய அனுமதி வந்தது. மார்ச்சில் ஓட்டமாவடி மஜ்மா நகரில் ஜனாஸாக்கள் அடக்கப்பட்டன. 2024 ஜூலையில் அமைச்சரவையே மன்னிப்புக் கேட்கத் தீர்மானித்தது. எரிக்கப்பட்டவர்கள் திரும்பி வரவில்லை. என்றாலும் அநியாயம் அநியாயம் என்று எழுத்தில் பதிந்துவிட்டது.

பிறகு 2022 வந்தது. அடுப்பில் கேஸ் இல்லை, பால்மா இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை. அந்தக் கஷ்டத்தை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டியதில்லை. ஏப்ரல் 9ஆம் திகதி காலி முகத்திடலில் மக்கள் கூடாரம் அடித்தார்கள். அது ரமழான் மாதம். சிங்களவரும் தமிழரும் பக்கத்தில் இருக்க நம்மவர்கள் அங்கே நோன்பு திறந்தார்கள். 2019க்குப் பின் நம்மைச் சந்தேகத்தோடு பார்த்த நாட்டில் அந்தக் காட்சி எத்தனை உள்ளங்களைக் குளிர வைத்தது!

மே 9ஆம் திகதி ஆட்சியாளரின் ஆதரவாளர்கள் அலரி மாளிகையிலிருந்து புறப்பட்டு வந்து அந்த மக்களை அடித்தார்கள். முதலில் கை வைத்தவர்கள் அவர்கள்தான்; அதை மறைக்கக் கூடாது. ஆனால் அன்றே நிட்டம்புவையில் பாராளுமன்ற உறுப்பினர் அமரகீர்த்தி அத்துகோரளவும் அவருடைய பாதுகாப்பு உத்தியோகத்தரும் கொல்லப்பட்டார்கள். இரவில் நாடெங்கும் அரசியல்வாதிகளின் வீடுகள் எரிந்தன. அடிபட்டவர்களின் பக்கம் இருந்த நியாயத்தில் அந்தப் புகை படிந்தது.

அன்று பதவி விலகிய பிரதமர் மகிந்த ராஜபக்ஷ மறுநாள் பாதுகாப்புக்காகக் கொண்டுவரப்பட்ட இடம் நமது திருகோணமலைக் கடற்படைத் தளம். செய்தி பரவியதும் தளத்தின் வாசலில் மக்கள் கூடினார்கள். மக்களின் கோபத்துக்குப் பயந்து ஆட்சியாளர் கடலோரம் தேடுவது புதிதல்ல. 1953 ஆகஸ்ட் 12ஆம் திகதி, ஒரு கொத்து அரிசியின் விலை 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்ததை எதிர்த்து ஹர்த்தால் நடந்தபோது, டட்லி சேனாநாயக்கவின் அமைச்சரவை கொழும்புத் துறைமுகத்தில் நின்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் கூடியது. அவ்வருடமே அவர் பதவி விலகினார். மக்கள் சக்தி பலமுள்ளதுதான். அதனால்தான் அதை அமானிதமாகக் கையாள வேண்டும்.

ஜூலை 9ஆம் திகதி ரணில் விக்ரமசிங்கவின் சொந்த வீட்டுக்குத் தீ வைத்தார்கள். வீட்டோடு அவருடைய நூல்களும் எரிந்தன. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்ததைக் கண்டு அழுத நாடு இது! அதே மாதம் 22ஆம் திகதி விடியும் முன் இராணுவம் காலி முகத்திடலுக்குள் புகுந்தது. கை ஓங்கக் காரணம் தேடுபவனுக்கு நாமே காரணத்தை எடுத்துக் கொடுக்கக் கூடாது.

அமெரிக்காவைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2021 ஜனவரி 6ஆம் திகதி தேர்தல் முடிவை ஏற்காத கூட்டம் அந்நாட்டின் பாராளுமன்றக் கட்டடத்தை உடைத்துக்கொண்டு நுழைந்ததை உலகமே பார்த்தது. ஆனால் அதே நாட்டில் வேறொரு பாடமும் இருக்கிறது. மொன்ட்கொமரி நகரில் பஸ்ஸில் வெள்ளையருக்கு இருக்கையை விட்டுக் கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் என்ற தையல்காரப் பெண் 1955 டிசம்பரில் கைதானார். கறுப்பின மக்கள் 381 நாட்கள் பஸ்ஸில் ஏறவில்லை. வீட்டு வேலைக்குப் போகும் பெண்கள் நடந்தே போனார்கள். இடையில் அவர்களின் தலைவர் மார்ட்டின் லூதர் கிங்கின் வீட்டில் குண்டு வீசப்பட்டது. உள்ளே மனைவியும் கைக்குழந்தையும். இருவரும் தப்பினார்கள். ஆயுதங்களோடு மக்கள் கூடிவிட்டார்கள். அவர் ஒரு சைகை காட்டியிருந்தால் நகரம் எரிந்திருக்கும். அவரோ, ஆயுதங்களை வீட்டுக்குக் கொண்டு போங்கள் என்று சொல்லி அனுப்பினார். கடைசியில் பஸ்ஸில் இனவேற்றுமை சட்டவிரோதம் என்று உயர் நீதிமன்றம் தீர்த்தது.

நமக்கு இதைவிட நெருக்கமான முன்மாதிரி ஹுதைபியா. ஹிஜ்ரி 6ஆம் ஆண்டு உம்றாவுக்குப் போன ஸஹாபாக்கள் தடுக்கப்பட்டார்கள். உடன்படிக்கை அவர்களுக்குக் கசந்தது. குர்பானி கொடுத்து முடி களையுங்கள் என்று நபி (ஸல்) அவர்கள் சொல்லியும் துக்கத்தில் எவரும் எழவில்லை. கூடாரத்துக்குள் வந்த நபியவர்களுக்கு ஆலோசனை சொன்னவர் உம்மு ஸலமா (ரலி) நாயகி. யாரோடும் பேசாமல் நீங்கள் முதலில் செய்யுங்கள் என்றார்கள். நபியவர்கள் அப்படியே செய்ய, எல்லோரும் எழுந்தார்கள். அத்தனை ஆண்களின் கொதிப்பைத் தணித்தது ஒரு பெண்ணின் நிதானம்.

அந்த உம்மாவுக்கு நான் சொன்னது இதுதான்: “மருந்து கட்டுங்க தங்கச்சி. அடிக்க வேணாம்.” பிறகு பையனை ஜனாஸா வீடொன்றுக்கு அழைத்துப் போனேன். மூன்று நாள் அங்கே தண்ணீர் சுமந்தான், கதிரை அடுக்கினான். மூன்றாம் நாள், “மௌலவி, அந்த உம்மா எங்கட கல்லப் பத்தி ஒரு வார்த்தையும் கேக்கல்ல. புள்ளட செருப்பு கிடைச்சிதா எண்டுதான் கேக்குறாங்க” என்றான். நான் வகுப்பில் சொல்லிக் கொடுக்க முடியாததை அந்த உம்மா அவனுக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளைகள் நீதிக்காக வீதியில் இறங்குவதைத் தடுக்காதீர்கள். மகஜரில் கையெழுத்து வைக்கட்டும், பதாகை பிடிக்கட்டும். ஆனால் வாசலைத் தாண்டும் முன் “யாருக்காகப் போறாய் மகன்?” என்று ஒரு முறை கேளுங்கள். நான் கேட்கத் தவறிய கேள்வி அது. நீங்கள் தவறவிடாதீர்கள்.

அநியாயத்துக்கு முன் மௌனமாக இருப்பதை விட்டும், கோபத்தில் நாமே அநியாயம் செய்வதை விட்டும் அல்லாஹ் நம் பிள்ளைகளைப் பாதுகாப்பானாக. ஆமீன். வஸ்ஸலாம்.